பேத்தியின் அப்ளிகேஷனும் கிளார்க் கெர்ரும்: ஐந்து நாள் கலிஃபோர்னியா டைரி

நாள் 1: ஃப்ரீமாண்ட் – பெர்க்லி

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் மாப்பிள்ளையோடு கொஞ்சம் அரசியல் என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது வீட்டில் ஒரே பேச்சுதான். பேத்தி பன்னிரண்டாவது படிக்கிறாள், நவம்பர் முடிவதற்குள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஒரே விண்ணப்பம்தான், எந்தெந்த வளாகம் வேண்டுமோ அதற்கெல்லாம் டிக் அடித்துக்கொள்ளலாம். எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். அந்த நான்கு பதிலுக்காக வீட்டில் நடக்கும் சண்டையை எழுதப் போனால் இந்த டைரி வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் அரசுக் கல்லூரி அலுவலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டியவன். அட்மிஷன் சீசன், கட்-ஆஃப், கடைசி நாளில் கையில் மஞ்சள் பையோடு வந்து நிற்கும் அப்பாக்கள், எல்லாம் பார்த்தாயிற்று. அதனால் இந்த ஊர் ஏற்பாட்டை யார் வகுத்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மகள் நூலகத்திலிருந்து இரண்டு தடித்த பாகம் எடுத்து வந்து போட்டாள். கிளார்க் கெர் என்பவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. பத்து நாளாக அதோடுதான் குடித்தனம். படித்தது போதும், இடங்களைப் பார்த்துவிடுவோம் என்று இன்று கிளம்பிவிட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூரில் வேந்தர், துணைவேந்தர் என்றுதான் கேட்டுப் பழக்கம். இங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்பது ஒன்றுதான், அதற்கு இன்று 10 வளாகங்கள். ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சான்சலர். அத்தனை பேருக்கும் மேலே ஒரே ஒரு பிரசிடெண்ட். அவரை வைப்பதும் தூக்குவதும் ரீஜெண்ட்ஸ் என்கிற வாரியம், நம்மூர் சிண்டிகேட்டுக்குப் பெரியப்பா மாதிரி. மாநில கவர்னரும் அதில் ஓர் உறுப்பினர். இங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம் முதலமைச்சர் போல. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

கெர் 1952-ல் பெர்க்லி வளாகத்தின் முதல் சான்சலர், 1958 முதல் 1967 வரை மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் பிரசிடெண்ட். 1911-ல் பென்சில்வேனியாவில் ஓர் ஆப்பிள் தோட்டத்து வீட்டில் பிறந்தவர். அப்பா நிறையப் படித்தவர். அம்மா ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவர், தொப்பி தைத்து விற்றவர். அந்த அம்மா, தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்த்து முடிக்கும் வரை கல்யாணமே செய்துகொள்ள மாட்டேன் என்று இருந்தாராம். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு! என் அம்மா சீட்டுப் பிடித்து எனக்கு பி.யூ.சி. ஃபீஸ் கட்டினாள், அதையே பெரிய சாதனை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஃப்ரீமாண்டில் பார்ட் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். பெர்க்லியில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் போதும், டெலிகிராஃப் தெரு வந்து முட்டுகிற இடத்தில் ஸ்ப்ரவுல் திடல். மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் பிள்ளைகள்: ஒரு மேஜையில் ரத்ததானம், ஒன்றில் பாலஸ்தீனம், ஒன்றில் பாங்க்ரா நடனக் குழு, ஒன்றில் யாருமே இல்லாமல் வெறும் டோனட் டப்பா. கையில் நோட்டீஸ் திணிக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய எனக்கும் ஒரு பெண் பாங்க்ரா நோட்டீஸ் கொடுத்தாள்.

இந்த மேஜைகள்தான் கெர்ரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டவை. 1964 செப்டம்பரில், தெருவும் வளாகமும் சேர்கிற இடத்தில் 26 அடி அகலமுள்ள செங்கல் நடைபாதை ஒன்றில் மாணவர்கள் மேஜை போட்டு அரசியல் பேசி நிதி வசூலித்துக்கொண்டிருந்தார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிவிட்டு அந்தக் கோடையில்தான் பலர் திரும்பியிருந்தார்கள். அது பல்கலைக்கழகத்தின் நிலம், இனி இங்கே கூடாது என்று வளாக நிர்வாகம் ஒரு கடிதம் அனுப்பியது. கெர் அப்போது வெளிநாட்டில். திரும்பி வந்ததும் அது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் கீழே உள்ளவர்கள் போட்ட உத்தரவை உடனே ரத்து செய்யவில்லை. எங்கள் ஆபீசிலும் இதே கதையை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஒரு அரைப் பக்க சர்க்குலர், அதை வாபஸ் வாங்கினால் போச்சு என்கிற கௌரவம், அப்புறம் மூன்று மாதம் ஸ்டிரைக்.

அக்டோபர் 1 அன்று ஜாக் வைன்பெர்க் என்ற இளைஞரைக் கைது செய்து போலீஸ் காரில் உட்கார வைத்தார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை, அவரும் உள்ளேயே. மாரியோ சாவியோ என்ற மாணவர் காருக்குச் சேதம் வரக்கூடாது என்று ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏறிப் பேசினார். போராட்டக்காரன் ஷூ கழற்றியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அன்றைய நிர்வாகக் கட்டடமான ஸ்ப்ரவுல் ஹாலின் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிசம்பர் 2 அன்று சாவியோ பேசிய இடம். கெர் பல்கலைக்கழகத்தை ஒரு பெரிய தொழிற்சாலை போல நடத்துகிறார், அப்படியானால் நாங்கள்தான் மூலப்பொருள், இந்த இயந்திரத்தின் சக்கரங்கள் மேலேயே உடம்பைப் போட்டு நிறுத்துவோம் என்று பேசிவிட்டு ஆயிரம் பேரோடு உள்ளே போனார். விடிந்தால் சுமார் 800 பேர் கைது. அந்தப் படிக்கு 1997-லிருந்து சாவியோவின் பெயர். கெர்ரின் பெயர் இந்தத் திடலில் நான் தேடிய வரையில் எங்கும் இல்லை.

திரும்பும்போது எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறி, மூன்று ஸ்டேஷன் போன பிறகுதான் தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை.

நாள் 2: மறுபடியும் பெர்க்லி, இந்த முறை காரில்

சனிக்கிழமை என்பதால் மாப்பிள்ளை தானே கூட்டிப் போகிறேன் என்றார். நிறுத்த இடம் தேடி 40 நிமிஷம் சுற்றினோம். கெர் சொன்ன ஒரு கிண்டல் இங்கே பிரசித்தம்: ஒரு வளாகத்தை நடத்துகிறவனுக்கு மூன்றே தலைவலிதான், மாணவர்களுக்கு செக்ஸ், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு, பேராசிரியர்களுக்கு பார்க்கிங். (மாப்பிள்ளையிடம் மூன்றாவதை மட்டும் சொன்னேன்.) உள்ளே போனால் நோபல் பரிசு வாங்கியவருக்கு மட்டும் என்று தனிப் பலகை வைத்த கார் இடங்கள் இருக்கின்றன. நிஜமாகவே. மாப்பிள்ளை அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மலைச்சரிவில் கிரேக்க அரங்கம், 1903-ல் கட்டியது. அரைவட்டமாகக் கல் படிகள், சுற்றிலும் யூகலிப்டஸ் வாசனை. எங்கள் ஊட்டிப் பயணங்கள் ஞாபகம் வந்தது. 1964 டிசம்பர் 7, திங்கள்கிழமை, பல்லாயிரம் பேர் கூடியிருக்க கெர் இங்கே ஒரு சமாதானத் திட்டத்தை வாசித்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இந்த மனிதருக்குத் தொழிலே சமரசம்தான். தொழிலாளர் பொருளாதாரம் படித்தவர். 1933-ல் பருத்திக் கூலிகளின் வேலைநிறுத்தத்தை வயல் வயலாகப் போய்ப் பார்த்து எழுதியவர். முதலாளிக்கும் சங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான தகராறுகளில் உட்கார்ந்தவர். கல்லூரி நாளில் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தவர், கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பதையே வழிபாடாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர் பேசி முடித்ததும் சாவியோ மைக்கை நோக்கி நடக்கிறார், ஒரு அறிவிப்பு சொல்ல. மைக்கைத் தொடுவதற்குள் போலீஸ்காரர்கள் அவரைக் கழுத்தையும் கையையும் பிடித்து, அத்தனை ஆயிரம் பேர் பார்க்க மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள்.

பேச்சு மொத்தமும் அந்த அரை நிமிஷத்தில் வீணாய்ப் போயிற்று. மறுநாளே பேராசிரியர்கள் கூடி 824-க்கு 115 என்று மாணவர்கள் பக்கம் வாக்களித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் பேச்சுரிமைக்கு இவர் எதிரி கிடையாது. 1949-ல் கம்யூனிஸ்டு இல்லை என்று எல்லோரும் சத்தியம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரீஜெண்ட்ஸ் கேட்டபோது, தான் கையெழுத்துப் போட்டாலும், போடாதவர்களுக்காக வாதாடினார். அப்படியும் 31 பேரை நீக்கினார்கள், வழக்கு நடந்து 1952-ல் அவர்கள் ஜெயித்தது வேறு கதை. அந்த வாதத்தைப் பார்த்துத்தான் பேராசிரியர்களுக்கு இவர்மேல் நம்பிக்கை வந்தது. பிரசிடெண்ட் ஆனபிறகு கட்டாய ராணுவப் பயிற்சி போயிற்று, கம்யூனிஸ்டுப் பேச்சாளர்களுக்கு இருந்த தடையும் 1963-ல் போயிற்று. மாணவர்களுக்கு ஆபத்தில்லாத கருத்துகளைத் தேடித் தருவது எங்கள் வேலையில்லை, எந்தக் கருத்தையும் தாங்கும் மாணவர்களை உருவாக்குவதுதான் வேலை என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள். 1964 வசந்தத்தில் கல்விச் சுதந்திரத்துக்கு ஒரு பெரிய விருது, அதே வருஷம் இலையுதிர்காலத்தில் அதே விஷயத்துக்கு வில்லன். மாணவர்களுக்கு இவர் ரொம்பக் கெடுபிடி, ரீஜெண்ட்ஸில் பலருக்கு இவர் ரொம்ப இளகிய ஆள்.

மத்தியானம் அவர் பெயரில் இருக்கிற இடத்துக்குப் போனோம். கிளார்க் கெர் வளாகம். சிவப்பு ஓடு, வெள்ளைச் சுவர், வளைவு வளைவாக வராந்தா, மாணவர் விடுதி. ஒரு பையன் வராந்தாவில் துவைத்த துணியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போன் பேசிக்கொண்டே போனான், ஒரு சாக்ஸ் விழுந்தது, கவனிக்கவில்லை, நான் எடுத்துக் கொடுத்தேன். இது முன்பு காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளியாக இருந்த இடமாம். அந்தப் பள்ளி எங்கே போயிற்று தெரியுமா? 1980-ல் ஃப்ரீமாண்டுக்கு. நான் தினமும் காலை நடைக்குப் போகிற வழியில் அதன் வேலியைத் தாண்டித்தான் போகிறேன்!

இனி கவர்னர் விஷயம். 1966 தேர்தலில் ரொனால்ட் ரீகன் பெர்க்லியில் நடக்கும் அலங்கோலத்தைச் சுத்தம் செய்வேன் என்று சொல்லி ஜெயித்தார். ஜனவரி முதல் வாரம் பதவியேற்பு. 1967 ஜனவரி 20-ல் ரீஜெண்ட்ஸ் கூடி 14-க்கு 8 என்று கெர்ரை அன்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் வேலையை விட்டுத் தூக்குவதற்கும் உள்ளே கனல் மூள்வதற்கும் ஒரே சொல், ஐ.டி. பிள்ளைகள் 'ஃபயர் பண்ணிட்டாங்க' என்பார்களே அது. கெர் சொன்னாராம்: எப்படிப் பதவிக்கு வந்தேனோ அப்படியே போகிறேன், உற்சாகத்தோடு ஃபயர் ஆகி. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன், வரவில்லை.

நாள் 3: எல் செரிட்டோ, அரை நாள்

இன்று சும்மா மலைமேல் போய் விரிகுடாவைப் பார்த்தோம். கெர் பிரசிடெண்டாக இருந்தபோதும் அப்புறம் 2003-ல் 92 வயதில் இறக்கும் வரையிலும் இந்த ஊர்க் குன்றில் சொந்த வீட்டில்தான் இருந்தார். வீட்டைத் தேடிப் போகவில்லை, இப்போது யாரோ இருப்பார்கள்.

மேலிருந்து பார்த்தால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் பனிமூட்டத்தில் கோல்டன் கேட் பாலத்தின் தலை மட்டும். இந்தத் தண்ணீர் இருப்பதற்குக் காரணம் கெர்ரின் மனைவி கே. 1961-ல் பெர்க்லி நகரசபை விரிகுடாவில் 2,000 ஏக்கர் மண்ணடித்து நிலமாக்கத் திட்டம் போட்டது. ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்த கே, ஒரு பேராசிரியர் மனைவி, ஒரு ரீஜெண்ட் மனைவி என்று இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு டீயும் பாதாம் குக்கியுமாகக் கூடி ஓர் இயக்கம் ஆரம்பித்தார். சந்தா 1 டாலர். நாலு வருஷத்தில் மாநில அரசே விரிகுடாவை நிரப்புவதைத் தடுக்க ஆணையம் அமைத்தது. புருஷனைக் கவர்னர் தூக்கினார், பெண்டாட்டியின் விரிகுடா இருக்கிறது என்றாள் மகள். எனக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ராத்திரி பேத்திக்கு ஒரு கட்டுரைக் கேள்வியின் கதையைச் சொன்னேன். 1959-ல் இதே பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் தேர்வில், ரகசியமாக இயங்கி யார் விமர்சனத்துக்கும் செவிசாய்க்காத எஃப்.பி.ஐ. போன்ற தேசியப் போலீஸ் அமைப்பால் ஜனநாயகத்துக்கு என்ன ஆபத்து என்று ஒரு கேள்வி வந்தது. எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் கொதித்துப்போனார். கேள்வியை வாபஸ் வாங்கியும் கோபம் அடங்கவில்லை. கெர்மேல் ஃபைல் பெருத்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கெர்ரை மந்திரியாக்க நினைத்தபோது, பொய் என்று தங்களுக்கே தெரிந்த புகார்களை எஃப்.பி.ஐ. எழுதி அனுப்பியது. பதினேழு வருஷம் கோர்ட்டில் போராடி ஒரு பத்திரிகையாளர் அந்த ஃபைல்களை வாங்கி 2002-ல் வெளியிட்டபோது கெர்ருக்கு 91 வயது. "தாத்தா, ஒரு கேள்விக்கா?" என்றாள். அவளுடைய 350 சொல்லில் இன்னும் 12 சொல் கூடுதலாக இருக்கிறது, அந்தக் கவலை அவளுக்கு.

நாள் 4: சாண்டா குரூஸ்

சான் ஹோசே தாண்டி 17-ஆம் எண் சாலை, கொல்லிமலை அளவுக்கு இல்லை என்றாலும் வயிறு புரளும். பேத்தியும் வந்தாள், இந்த வளாகத்துக்கும் டிக் அடித்திருக்கிறாள்.

கெர் கட்டியவற்றில் அவருக்கே செல்லப் பிள்ளை இதுதான். அவர் காலத்தில் சான் டியேகோ, இர்வைன், சாண்டா குரூஸ் மூன்றும் வந்தன. ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது அறைத் தோழர் டீன் மெக்ஹென்றி. அதற்கு முன் கெர் படித்தது ஸ்வார்த்மோர், கைக்கடக்கமான சின்னக் கல்லூரி. மெக்ஹென்றி படித்தது லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், கடல் மாதிரி. பெரிய பல்கலைக்கழகத்தைச் சின்னச் சின்னக் கல்லூரிகளாக உடைத்து நடத்தினால் என்ன என்று இருவரும் அப்போதே பேசியிருக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து 1965-ல் திறந்தார்கள், மெக்ஹென்றிதான் முதல் சான்சலர். விடுதி முடியவில்லை, முதல் வருஷப் பிள்ளைகள் டிரெய்லர் வண்டிகளில் தங்கிப் படித்தார்கள்.

வளாகம் என்று தேடினால் காடுதான் தெரிகிறது. செம்மரங்கள் (நம் செம்மரம் இல்லை, ரெட்வுட்) அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம், நடுநடுவே மரப்பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் வகுப்பறை. பாலத்தின் கைப்பிடியில் ஈரமான பாசிமேல் வாழைப்பழ நத்தை ஒன்று. ஓடு கிடையாது, என் நடுவிரல் நீளம், பழுத்த பூவன் பழத்தின் மஞ்சள், அங்கங்கே கரும்புள்ளி. கொம்பை நீட்டி, காற்றைத் தடவி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல உள்ளே இழுத்துக்கொண்டது. இதுதான் இந்த வளாகத்தின் அணிச் சின்னம். நிர்வாகத்துக்குக் கடற்சிங்கம் வேண்டுமாம், மாணவர்கள் அடம்பிடித்து 1986-ல் நத்தையையே வாங்கிக்கொண்டார்கள். பேத்தி அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். ஆக அவளுக்கு இந்த ஊர் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன், கட்-ஆஃப்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கெர் ஹால் என்று ஒரு நிர்வாகக் கட்டடம் இருக்கிறது. பார்க்கச் சாதாரண கான்கிரீட். 2009 நவம்பரில் ரீஜெண்ட்ஸ் கட்டணத்தை 32 சதவீதம் ஏற்றியபோது மாணவர்கள் புகுந்து ஆக்கிரமித்தது இந்தக் கட்டடத்தைத்தான். கட்டணமே வேண்டாம் என்று நின்றவர் பெயரில் உள்ள கட்டடத்தில் கட்டணத்துக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். கெர் காலத்தில் கலிஃபோர்னியாப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது, சில்லறைச் செலவுகளுக்கு மட்டும் ஏதோ கட்டினால் போதும். இன்று வருஷத்துக்கு 15 ஆயிரம் டாலர் பக்கம். விடுதியும் சாப்பாடும் தனி.

நாள் 5: ஃப்ரீமாண்ட், வீட்டுப் பக்கத்திலேயே

கடைசி நாளுக்கு எங்கேயும் தூரம் போகவில்லை. ஆனால் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது இதுதான்.

கெர் பெயர் சொல்லும் வேலை 1960-ல் சட்டமான மாஸ்டர் பிளான். போர் முடிந்து பிறந்த பிள்ளைகள் பெருங்கூட்டமாகக் கல்லூரி வாசலுக்கு வரப் போகிறார்கள், எல்லோரையும் எங்கே உட்கார வைப்பது? பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவீதம் பேருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஸ்டேட் கல்லூரிகள், மிச்சம் யார் வந்தாலும் இரண்டு வருஷ சமுதாயக் கல்லூரி, அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் வருஷம் பெர்க்லிக்கே மாறிக்கொள்ளலாம். அந்த ஆண்டு அக்டோபரில் டைம் பத்திரிகை அட்டையில் கெர் முகம். எங்கள் ஆபீசில் கட்-ஆஃப் என்பது கதவைச் சாத்துகிற கோடு. இவர் அதே கோட்டைப் போட்டு, கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்கும் ஒரு இடம் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் படிநிலையில் கீழ்ப்படியில் யார் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மேலே ஏறினார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு அழகாக இருக்காது. மகளுக்கே அந்த மூன்றாவது படி என்றால் இளப்பம்தான். "அங்கே போறதுக்கா இத்தனை ஆயிரம் கட்டி வீடு எடுத்தோம்?" என்றாள் காலையில்.

அவள் ஆபீஸ் போனதும் நானும் பேத்தியும் ஓலோனி கல்லூரிக்குப் போனோம், இந்த ஊர் சமுதாயக் கல்லூரி. மிஷன் சாலையிலிருந்து மேட்டில் ஏறினால் பின்னால் காய்ந்த பொன்னிறக் குன்றுகள். கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (நம்மூர் கிரெடிட் மாதிரி) 46 டாலர், மேலே மாறிப் போக 60 யூனிட் வேண்டும், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் யூனிஃபார்ம் சட்டையோடு கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு பெஞ்சில் சாண்ட்விச் சாப்பிட்டார். படிக்கட்டில் மூன்று பிள்ளைகள் கைகளாலேயே வேகமாகப் பேசிச் சத்தமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காது கேளாதோர் பள்ளி இந்த ஊரில் இருப்பதால் இந்தக் கல்லூரியில் அவர்களுக்கென்று பெரிய துறையே இருக்கிறது. பெர்க்லியில் அந்தச் சிவப்பு ஓட்டு வராந்தாவில் ஒருகாலத்தில் இதே மாதிரி கைகள் பேசியிருக்கும்.

அட்மிஷன் கவுண்டரைப் பார்த்ததும் கால் தானாகப் போய் நின்றுவிட்டது, பழக்கதோஷம். உள்ளே இருந்த பெண் பேத்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, நீங்கள் சேர வந்தீர்களா என்றாள். கிண்டல் இல்லை. வயது கேட்கவில்லை, மார்க் கேட்கவில்லை. வகுப்புப் பட்டியல் எங்கே பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பள்ளி முடித்த வருஷம் மட்டும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

1969 என்றேன். பேத்தி அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.